புலியின் புதுக்குடித்தனம்

கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. கூண்டில் வளர்ந்த புலி ஓர் இடத்தைத் தன் வீடாக ஏற்றுக்கொள்ள நாளாகும். அது ஏற்றுக்கொண்டதற்கான அடையாளமோ, டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் கண்ணில் படுவதில்லை.

பரந்த வெளியைக் கண்டதும் புலி நாலுகால் பாய்ச்சலில் ஓடும் என்பதெல்லாம் சினிமாவோடு சரி. சர்க்கஸ் வண்டியிலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு புலியின் கூண்டைத் திறந்து, எதிரே மண்ணையும் மரநிழலையும் காட்டினால் அது பெரும்பாலும் பின்வாங்கும். கூண்டின் கடைசி மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். நாட்கணக்கில் அங்கேயே கிடந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஒருவழியாக வெளியே வந்த பிறகும், பழைய கூண்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் நடந்து, இல்லாத கம்பியில் மூக்கு இடித்ததுபோலத் திரும்பும். புல்லில் கால் வைக்கக் கூசும். பலகையையும் சிமென்டையும் தவிர வேறொன்றும் மிதித்தறியாத பாதம் அது.

இந்தியாவில் இந்தக் காட்சி பல ஊர்களில் அடுத்தடுத்து அரங்கேறிய காலம் ஒன்று உண்டு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் வைத்து வித்தை காட்டக் கூடாது என்று மத்திய அரசு 1998 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. சர்க்கஸ் முதலாளிகள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். (இந்திய சர்க்கஸின் தாய்வீடு தலைச்சேரி என்பதால் வழக்கு அங்கே நடந்ததில் வியப்பில்லை.) 2000 ஜூனில் அங்கே தோற்றார்கள். 2001 மே மாதம் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. சட்டப் பிரச்சினை முடிந்தது. புலிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற பிரச்சினை ஆரம்பித்தது.

மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் அதற்கென்று மீட்பு மையங்களை ஏற்படுத்தியது. ஜெய்ப்பூர், போபால், சண்டிகர் அருகேயுள்ள சத்பீர், பெங்களூரின் பன்னேர்கட்டா, திருப்பதி, நம் வண்டலூர், மேற்கு வங்காளத்தின் தெற்கு கயேர்பாரி என்று இடங்கள் தேர்வாயின. வண்டலூரில் இதற்காகவே சுமார் 92 ஹெக்டேர் நிலம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. வந்த மிருகங்களை இனப்பெருக்கம் செய்ய விடுவதில்லை என்பது கொள்கை. காட்டுக்கும் அனுப்ப முடியாது. வேட்டையாடத் தெரியாத, மனிதனைக் கண்டால் ஒதுங்கத் தெரியாத புலியைக் காட்டில் விடுவது, அதற்கும் ஆபத்து, காட்டோரக் கிராமத்துக்கும் ஆபத்து. மிச்ச ஆயுளை நிம்மதியாகக் கழிக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் புலிக்கு எது நிம்மதி?

இந்தக் கேள்வியை எழுதும் இடத்தைச் சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் சாத்தம் ஜெட்டியில் போட் ஏறினால், குடாவின் எதிர்க்கரையில் இருக்கிறது பாம்பூஃப்ளாட். தமிழும் வங்காளியும் தெலுங்கும் மலையாளமும் இந்தியில் சந்தித்துக்கொள்ளும் ஊர். அந்தமானில் புலி கிடையாது. சிறுத்தை கிடையாது. இந்தத் தீவுகளுக்கே உரிய தரைப் பாலூட்டிகளில் பெரியது காட்டுப்பன்றிதான். இங்கே பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டுமென்றால் தாய்மார்கள் புலியைக் கூப்பிடுவதில்லை. கழிமுகத்தில் கிடக்கும் முதலை போதும்.

ஆனாலும் பெரிய பூனையை இந்தக் காட்டில் குடியேற்றிப் பார்த்த கதை ஒன்று இங்கே உண்டு. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள், தின்பதற்கு எதிரி இல்லாமல் பெருகின. இளங்கன்றுகளை மேய்ந்து காட்டையே மொட்டையடித்தன. மானைக் கட்டுப்படுத்த 1952-53-இல் இரண்டு சிறுத்தைகளைக் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டார்கள். பிறகு அவற்றை யாரும் பார்க்கவில்லை. குட்டி போட்டிருக்குமோ என்று தேடவும் அவசியம் இருக்கவில்லை. இரண்டுமே பெண்.

யானைகளின் கதை வேறு. மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகளில் சுமார் நாற்பதை, ஒரு தனியார் நிறுவனம் தொழில் நொடித்ததும் 1962 வாக்கில் இன்டர்வியூ தீவில் விட்டுவிட்டுப் போனது. அவை பிழைத்துக்கொண்டன. பட்டையை உரித்துத் தின்று மரங்களைச் சாகடிக்கும் அளவுக்கு நன்றாகவே பிழைத்துக்கொண்டன. விலங்கைக் குடியேற்றுவதில் இந்தத் தீவுகளின் அனுபவம் இவ்வளவுதான்: ஒன்று சுவடில்லாமல் போயிற்று, இன்னொன்று காட்டுக்கே சுமையாயிற்று. ‘கொண்டுபோய் விட்டால் தானாகப் பழகிக்கொள்ளும்’ என்பதை இங்கே யாரும் எளிதில் நம்புவதில்லை.

பாம்பூஃப்ளாட் தமிழ்க் குழந்தைகள் புலியை முதலில் பார்ப்பது பெரும்பாலும் வண்டலூரில். மூன்று நாள் கப்பலில் சென்னைக்கு வந்து, உறவினர் வீட்டில் தங்கி, மெரினா பார்த்து, துணி எடுத்து, ஒரு நாள் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கும் போவார்கள். 1855-இல் எழும்பூர் மியூசிய வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கி, பிறகு மூர் மார்க்கெட் பக்கம் போய், நெரிசலில் மூச்சுத் திணறி, 1985-இல் வண்டலூர் காப்புக்காட்டில் திறக்கப்பட்ட பூங்கா. சுமார் 600 ஹெக்டேர். பழைய மூர் மார்க்கெட் கூண்டுகளைப் பார்த்த தலைமுறைக்கு இது சொர்க்கம்தான். கம்பிக்குப் பதில் அகழி. அகழிக்கு அப்பால் மரமும் புதரும், எப்போதாவது புலியும்.

அகழி வைக்கும் யோசனை ஜெர்மன்காரர் ஒருவருடையது. மிருக வியாபாரியான கார்ல் ஹாகன்பெக், 1907-இல் ஹாம்பர்க் அருகே கம்பிகளே இல்லாத மிருகக்காட்சி சாலையைத் திறந்தார். பார்ப்பவருக்கும் சிங்கத்துக்கும் நடுவே பள்ளம் மட்டும். பார்ப்பவர் மனசு லேசானது என்னவோ உண்மை. சிங்கத்தின் மனசு லேசானதா என்று அப்போது யாரும் அளந்து பார்க்கவில்லை.

வண்டலூரில் நாங்கள் நின்ற அன்று ஒரு புலி அகழியோரமாக நடந்துகொண்டிருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அங்கே ஒரு திருப்பம், மறுபடி இந்தக் கோடி. திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தலையை ஒரே மாதிரி சாய்த்தது. புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது. கூட்டம் ‘கம்பீரம், கம்பீரம்’ என்றது. பாம்பூஃப்ளாட்டிலிருந்து கூட வந்திருந்த அண்ணன் மகளுக்கு மட்டும் சந்தேகம். “அத்தை, அது ஏன் நடந்துக்கிட்டே இருக்கு? வீடு தேடுதா?”

கேள்வி சரியான கேள்வி. இந்த நடையை ஆராய்ந்தவர்கள் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராஸ் க்ளப், ஜார்ஜியா மேசன் இருவரும் 2003-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, சிறைப்பட்ட ஊனுண்ணிகளின் குறுக்கும் நெடுக்குமான நடையை, அதே இனம் காட்டில் ஆளும் பரப்போடு ஒப்பிட்டது. காட்டில் எந்த இனம் அதிகம் சுற்றுகிறதோ, அந்த இனமே காட்சிசாலையில் அதிகம் நடந்து தேய்கிறது. பனிக்கரடி அந்தப் பட்டியலின் உச்சியில்.

புலிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நேபாளத்தின் சித்வன் போன்ற இரை நிறைந்த காட்டில் ஒரு பெண்புலிக்கு ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் போதும். இரை அருகிய சைபீரியப் பகுதியில் 400 சதுர கிலோமீட்டர்கூடத் தேவைப்படும். நம் விதிகள் ஒரு ஜோடிப் புலிக்குக் கேட்கும் குறைந்தபட்சத் திறந்தவெளி 1,000 சதுர மீட்டர். சித்வன் பெண்புலியின் ராஜ்யத்தில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. பல காட்சிசாலைகள் இதைவிட அதிகமாகவே கொடுக்கின்றன. ஆனால் எவ்வளவு கொடுத்தாலும் காட்டைக் கொடுக்க முடியாது. எனவே அளவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. கொடுத்த இடத்தைப் புலி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அனுபவமுள்ள காட்சிசாலைகளில் புதுப்புலியின் வரவு ஏறக்குறைய புதுப்பெண்ணின் வரவு மாதிரி. ஆர்ப்பாட்டம் இருக்கக் கூடாது. வெயில் நேரம் தவிர்த்து, பெட்டியை மூடி இருட்டாக்கிக் கொண்டுவருவார்கள். முதலில் சில வாரம் தனி இடத்தில் வைத்து நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு இரவு தங்கும் அறை. ஒரு சாதாரண படுக்கையறையில் பாதிகூட இல்லாத இந்தச் சின்ன அறைதான் புலியின் புதுக்குடித்தனத்துக்கு அஸ்திவாரம். இறைச்சி இங்கேதான் கிடைக்கும். இங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வருகிறவர் ஒரே காப்பாளர். அவருடைய காலடி, வாளிச் சத்தம், குரல் எல்லாம் பழகும்வரை வெளிக்கதவு திறக்காது.

முதல் சில நாள் இறைச்சியைத் தொடாமல் இருப்பது சகஜம். பிறகு இரவில், யாரும் இல்லாதபோது தின்னும். காதுகள் பின்னால் ஒட்டியிருப்பதும், மூச்சிரைப்பதும், சுவரோடு முதுகு ஒட்டி உட்கார்வதும் குறைந்த பிறகு, அறையை ஒட்டிய சிறு முற்றத்தைத் திறப்பார்கள். அதற்குப் பின் ஒரு மணி நேரம் திறந்தவெளி. மாலையில் சாப்பாடு அறைக்குள் என்பதால் புலி தானாகவே திரும்பிவிடும். அறைக் கதவு திறந்தே இருக்கும்வரை புலி தைரியமாக வெளியே போகும். மூடிவிட்டால் கதவடியிலேயே கிடக்கும். திரும்பி ஓட ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் முன்னால் போகத் துணிச்சல் வருகிறது.

நல்ல சகுனங்களும் உண்டு. காப்பாளரைக் கண்டதும் மூக்கு வழியாக ‘ப்ர்ர்’ என்று காற்று விடுவது புலியின் வணக்கம். உறுமலோடு அதற்குச் சம்பந்தமில்லை. தண்ணீருக்குள் இறங்கி, பின்பக்கமாக அமிழ்ந்து உட்கார்வது இன்னொன்று. மரத்தில் நகம் தீட்டுவது, மல்லாந்து வயிற்றைக் காட்டித் தூங்குவது. ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான கையெழுத்து கண்ணுக்குத் தெரியாதது. அது வாசனை.

இதை நமக்குச் சொன்னவர் ஒரு வங்காளி. கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரத்தன்லால் பிரம்மச்சாரி. ஒரிசாவின் சிம்லிபால் புலிகள் காப்பகத்தின் முதல் இயக்குநர் சரோஜ் ராஜ் சௌத்ரி, 1974-இல் கிடைத்த ஒரு பெண்புலிக் குட்டியை ஜஷிபூரில் தன் வீட்டிலேயே வளர்த்தார். கைரி என்று பெயர். 1981-இல் இறக்கும்வரை கட்டில், நாற்காலி, விருந்தாளி எல்லாவற்றோடும் பழகி வாழ்ந்த புலி. அது வாலைத் தூக்கி மரத்திலும் புதரிலும் பின்பக்கமாகப் பீய்ச்சும் திரவத்தை பிரம்மச்சாரி ஆராய்ந்தார். அதில் எழும் மணம் பாஸ்மதிச் சோற்றின் மணம். இரண்டிலும் இருப்பது ஒரே வேதிப்பொருள் என்று அவரும் சகாக்களும் 1990-இல் அறிவித்தார்கள். பிரியாணியில் போடும் ரம்பை இலைக்கு மணம் தருவதும் அதே பொருள்தான்.

புலிக்கு இது சமையல் சமாச்சாரம் அல்ல, பட்டா. ‘இந்த மரத்திலிருந்து அந்தப் பாறைவரை என்னுடையது, நேற்று வந்து போனேன், நாளையும் வருவேன்’ என்பதை அது வாசனையில் எழுதி வைக்கிறது. எழுத்து மங்கியதும் புதுப்பிக்கிறது. புதிய இடத்துக்கு வந்த புலி கன்னத்தைத் தேய்த்து, பீய்ச்சி, மோந்து பார்த்து உதட்டைச் சுருக்கி ஒரு சுற்று வந்தால், அன்றுதான் அது குடிவந்த நாள். அதுவரை அது சத்திரத்தில் தங்கியிருக்கும் பிரயாணி.

இப்போது மறுநாள் காலையை நினைத்துப் பாருங்கள். துப்புரவுப் பணியாளர் குழாயைத் திறந்து, பினாயில் ஊற்றி, தரையையும் சுவரையும் பளிச்சென்று கழுவிவிடுகிறார். கழுவத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நோய் வரும். ஆனால் இரவெல்லாம் எழுதிய பத்திரம் காலையில் கிழித்தெறியப்படுகிறது. பட்டா போன புலி மறுபடி நடக்கிறது, மறுபடி எழுதுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் இரவு அறையைத் தினம் கழுவினாலும், வெளியே இருக்கும் மரக்கட்டையையும் பாறையையும் விட்டுவைக்கிறார்கள். செலவே இல்லாத சீர்திருத்தம். சுவரில் புது வர்ணம் பூசுவதற்குக் கிடைக்கும் உற்சாகம் இதற்குக் கிடைப்பதில்லை.

பெர்ன், பாஸல், ஜூரிக் காட்சிசாலைகளை நடத்திய சுவிஸ் உயிரியல் அறிஞர் ஹைனி ஹெடிகர் சென்ற நூற்றாண்டிலேயே ஒன்றைச் சொல்லிவந்தார். சரியாக வைத்திருக்கப்படும் மிருகம் தன்னைக் கைதியாக நினைப்பதில்லை. அந்த இடத்தின் சொந்தக்காரனாக நினைக்கிறது. தப்பி ஓடிய மிருகங்கள் தாமாகவே கூண்டுக்குத் திரும்புவதை அவர் சான்றாகக் காட்டினார். காட்சிசாலைக்காரர்கள் தங்கள் வசதிக்கு இதை மேற்கோள் காட்டுவதுண்டு. ஆனால் சொந்தக்காரனுக்கு உள்ள முதல் உரிமை, கதவைச் சாத்திக்கொள்வது. அதைப் புலிக்குக் கொடுக்கத்தான் மனசு வருவதில்லை.

மொழிபெயர்ப்பவருக்கு இங்கே ஒரு தொல்லை. ‘என்க்ளோஷர்’ என்ற சொல்லுக்குக் கூண்டு, அடைப்பு, இருப்பிடம் என்று எதைப் போட்டாலும் ஏதோ உதைக்கிறது. மூன்றுமே நாம் புலியை வைக்கும் இடம். புலி தானாகப் போய்ப் படுக்கும் இடத்துக்குத் தமிழில் அழகான பழஞ்சொல் இருக்கிறது: அளை. பாறை இடுக்கு, குகை. காட்சிசாலை வரைபடத்தில் கடைசியாகச் சேர்க்கப்படுவதும், கூட்டம் முணுமுணுத்தால் முதலில் எடுக்கப்படுவதும் இந்த அளைதான். ‘அறுபது மைல் வந்தேன், புலியைக் காணோம்’ என்று ஒருவர் புகார் எழுதினால் புதர் வெட்டப்படுகிறது. புதர் வெட்டப்பட்டால் புலி நடக்கிறது. நடக்கும் புலியைப் பார்த்துக் கூட்டம் ‘கம்பீரம்’ என்கிறது.

கூட்டம் சும்மா பார்த்துவிட்டுப் போனாலாவது பரவாயில்லை. கைதட்டுகிறது, விசிலடிக்கிறது, கல் விடுகிறது. 2014 செப்டம்பரில் டெல்லி மிருகக்காட்சி சாலையில் ஓர் இளைஞர் வெள்ளைப்புலியின் அகழிக்குள் விழுந்த கோரம் நாடு முழுக்கத் தெரியும். சில நிமிடங்கள் அந்தப் புலி அவரைப் பார்த்தபடி நின்றது. மேலேயிருந்து கூச்சலும் கல்லும் வந்தன. பிறகு நடந்தது நடந்தது. புலியின் வீட்டில் ஒரு விருந்தாளி விழுந்தபோது என்ன செய்ய வேண்டும் என்று அங்கிருந்த எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வெள்ளைப்புலி என்றதும் இன்னொன்று. கூட்டம் அலைமோதுவது அதற்குத்தான். ஆனால் நம் காட்சிசாலைகளில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை 1951-இல் ரேவா மகாராஜா பிடித்த மோகன் என்ற ஒற்றைக் குட்டியின் வம்சம். நெருங்கிய உறவுக்குள்ளேயே கூட்டிக் கூட்டிப் பெருக்கியவை. இவை மறந்துபோக ஒரு காடு இல்லை, தாய்வழி தந்தைவழி இரண்டிலும் கூண்டுதான்.

கூண்டில் வளர்ந்த புலிக்குட்டியைத் தமிழிலக்கியம் மறக்கவில்லை. பகைவர் சிறையில் வளர்ந்து வலிமை முற்றி வெளியே வந்த கரிகாலனுக்குப் பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லும் உவமை அதுவே. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே புலிக்குட்டியைக் கூட்டில் வளர்த்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஆனால் உவமையில் இருக்கும் நம்பிக்கை சர்க்கஸ் கூண்டுகளைப் பார்த்த நமக்கு இல்லை. கூண்டில் முற்றுவது வலிமை அல்ல, நடை மட்டுமே. கவிஞர் புலியைவிட அரசனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாட்டில் ஒன்றும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. வாரத்தில் ஒரு நாளாவது காட்சிசாலையை மூட வேண்டும் என்பது இன்று விதி. வண்டலூரில் அது செவ்வாய்க்கிழமை. அன்று புலி எப்படி இருக்கிறது என்பதைக் காப்பாளர்கள் மட்டுமே பார்க்கிறார்கள். ஒரு புலி புதிய இடத்தில் ஒன்றிவிட்டதா என்று அறிய விரும்பினால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது என்ன செய்கிறது என்று எழுதிவைக்க வேண்டும்: நடக்கிறது, தூங்குகிறது, மோந்து பார்க்கிறது, காணவில்லை. செவ்வாயையும் ஞாயிறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். பேனாவும் நோட்டும் போதும். இதைச் செய்வதற்குப் பக்கத்துக் கல்லூரி விலங்கியல் மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. ‘காணவில்லை’ என்ற கட்டம் நிறைய நிறைய, புலிக்கு இடம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தை வெற்றி என்று எழுதும் காட்சிசாலை அறிக்கை ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

சர்க்கஸ் புலிகள் இன்று இல்லை. 2001-இல் மீட்கப்பட்டவற்றின் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றுக்கென்று ஏற்பட்ட தெற்கு கயேர்பாரிக்கு 2008 ஆகஸ்டில் வேறு விதமான ஒரு புலி வந்து சேர்ந்தது. சுந்தரவனத்தில் முதலை கடித்துப் பின்னங்காலை இழந்த காட்டுப் புலி. முதலையோடு புலி மல்லுக்கு நின்ற கதை என்பதால் பாம்பூஃப்ளாட்டிலும் இது எடுபடும். கூண்டில் பிறந்தவற்றுக்கு நடுவே காட்டை அறிந்த ஒன்று. அந்தக் காலோடு வேட்டையாட முடியாது, திரும்பிப் போக வழியில்லை. ராஜா என்று பெயர் வைத்தார்கள். காயத்தைக் கழுவி மருந்திட்டார்கள், உணவும் ஒதுக்கிடமும் கொடுத்தார்கள்.

காட்டில் ஒரு புலி பதினைந்து வயதைத் தாண்டுவதே அபூர்வம். ராஜா அங்கே பதினான்கு ஆண்டுகள் இருந்தது. 2022 ஜூலை 11 அன்று இறந்தபோது அதற்கு வயது இருபத்தைந்துக்கு மேல் என்பது வனத்துறையின் கணக்கு. மாவட்ட அதிகாரிகள் வந்து மலர் வைத்துவிட்டுப் போனார்கள்.